கடல் பூங்காவில் பிடிபட்ட குதிகால் கற்கள்

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெற்கே, ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து. நான் முன்பு வேலை பார்த்த கடல் பூங்காவில் புதிதாகச் சேர்ந்த வனக்காவலர் ஒருவர். என்னை நேரில் பார்த்தவர் இல்லை. குரலில் பதற்றம்.

"கலியபெருமாள் சாருங்களா? படகுத்துறையில புதுசா ஸ்கேனிங் மெஷின் வச்சிருக்கோம் சார். ஒரு அம்மா பையில பவளப்பாறைத் துண்டு மாட்டியிருக்கு. ஊரு கேட்டா அரியலூர்ங்கறாங்க. அரியலூர்னா முதல்ல உங்களுக்குப் போன் போடணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"தம்பி, அந்த அம்மாவோட குதிகாலப் பாத்தீங்களா?" என்றேன்.

கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"சார்... குதிகாலா?"

"ஆமா. வெடிப்பு இல்லாம வழவழன்னு இருந்தா கல்லக் குடுத்து அனுப்பிடுங்க. வெடிச்சிருந்தா விசாரிங்க."

அரை நாழிகையில் திரும்பக் கூப்பிட்டார். "வழவழன்னு இருக்கு சார். அனுப்பிட்டோம். ஆனா ஏன் சார்?"

அந்த ஏனுக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

கடலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு ஊர் அரியலூருக்கு மேற்கே ஒரு கிராமம். வனத்துறையில் சேர்ந்து, பயிற்சியில் யானையைக் கண்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று படித்து, கடைசியில் யானையே இல்லாத பெரம்பலூர் முள்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எனக்கு இரண்டே வேலை. நட்டு வைத்த மரக்கன்றுகளைத் தின்ன வரும் ஆடுகளை விரட்டுவது ஒன்று. கிணற்றில் விழுந்த மானை எடுப்பது இன்னொன்று. எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தண்ணீர் தேடி வரும் புள்ளிமான் தொபுக்கென்று உள்ளே விழும். நான் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, மானின் கண்ணைத் துண்டால் மூடி, கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கட்டி மேலே அனுப்புவேன். இதில் எனக்கு நல்ல பேர். பூலாம்பாடி வரைக்கும் கூப்பிடுவார்கள்.

அந்தப் பேர்தான் என்னைக் கவிழ்த்தது. கடல் பூங்காவுக்கு ஒரு வனவர் தேவைப்பட்டபோது, மேலே யாரோ ஒரு புண்ணியவான், "கிணத்துல இறங்குற ஆளாச்சே, நல்லா நீந்துவான்" என்று முடிவு செய்துவிட்டார். நான் இறங்கிய கிணறுகளில் தண்ணீர் இருந்ததே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் இருந்தால் நான் ஏன் இறங்கப் போகிறேன்?

ஆர்டர் வந்த அன்று என் மனைவி மல்லிகாதான் பெட்டி கட்டினாள். துண்டில் எதையோ சுற்றி அடியில் வைத்தாள்.

"உப்புத்தண்ணி கால வெடிக்க வச்சிடும். தெனமும் தேய்ங்க. மறந்துடாதீங்க" என்றாள்.

அது எங்கள் வீட்டுக் குதிகால் கல்.

கடல் பூங்காவில் எனக்கு வாய்த்த ரேஞ்சர் நாகலிங்கம் சார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். நறுக்கிய மீசை, எப்போதும் பூட்ஸ், மெல்லிய குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். மனம் குளிர்ந்திருந்தால் "வாப்பா கலியபெருமாள்." சாதாரண நாளில் "வாங்க." ஏதோ தப்பு நடந்திருந்தால் "கலியபெருமாள் சார்." "கலியபெருமாள் அவர்களே" என்று வந்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாம் என்ன விளக்கம் சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்து, "அப்படிங்களா" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத் திட்டு எவ்வளவோ தேவலை.

அவருக்கு உயிர் லைஃப் ஜாக்கெட். படகில் போட வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள விதி. இவரிடம், கடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் டூட்டியில் இருக்கிற எவனும் போட வேண்டும். எங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து கடல் தெரியும். ஆக நான் நாற்காலியில் உட்கார்ந்து பைல் எழுதும்போதும் ஆரஞ்சுக் கலரில் உப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். டீ குடிக்கும்போது டம்ளர் தெரியாது. ஒருமுறை மல்லிகா பார்க்க வந்தாள். என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு, "என்னங்க இப்படி உடம்பு போட்டுட்டீங்க" என்று சந்தோஷப்பட்டாள். பக்கத்தில் வந்து பார்த்தபின் முகம் வாடிவிட்டது.

முதல் நாளே கண்ணாடிப் படகில் ஏற்றிவிட்டார்கள். படகின் அடியில் கண்ணாடி பதித்திருக்கும். பயணிகள் குனிந்து பார்த்தால் கீழே மான்கொம்பு மாதிரி, மூளை மாதிரி, முட்டைக்கோஸ் மாதிரி பவளங்கள். அவற்றுக்குள் புகுந்து புறப்படும் மீன்கள். நான் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல வேண்டும். "இவை கல் அல்ல, உயிரினங்கள்" என்று ஆரம்பித்தேன். அத்தோடு சரி. காலையில் சாப்பிட்ட பொங்கல் முழுவதும் கடலுக்குப் போய்விட்டது.

பொங்கலுக்கு மீன்கள் வந்தன பாருங்கள்! நீலம், மஞ்சள், வரி போட்டது, வாயை நீட்டிக்கொண்டு வருவது என்று கண்ணாடிக்குக் கீழே திருவிழாக் கூட்டம். பயணிகள் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து படகோட்டிகளுக்குள் என்னை அழைத்துப் போகப் போட்டி. "கலியபெருமாள் சார் வந்தா மீனு நிறைய வருது" என்று ஒருவர் போய் ரேஞ்சரிடமே சொல்லிவிட்டார்.

நாகலிங்கம் சார் கூப்பிட்டார். "பூங்காவுக்குள்ள மீனுக்கு உணவு போடறது விதிப்படி தவறு, கலியபெருமாள் சார்."

"நான் போடல சார். தானா வருது."

"அப்படிங்களா."

அன்றிலிருந்து என்னைக் கரையில் பை பரிசோதனைக்குப் போட்டார். அது தண்டனை என்று அவர் நினைத்தார். நான் குலசாமிக்கு மனதுக்குள் தேங்காய் உடைத்தேன்.

பரிசோதனை இரண்டு முறை நடக்கும். உள்ளே போகும்போது பிளாஸ்டிக் இருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்ப்போம். வெளியே வரும்போதுதான் உண்மையான வேலை. மேசை மேல் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும். பையில் நாம் கை விடக்கூடாது. அவர்களே ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். பெண்களின் பையை வனக்காவலர் கார்த்திகாதான் பார்ப்பாள். கடலோரத்துப் பெண், கழுகுக் கண். சங்கு, சிப்பி, கடல் குதிரை எதுவானாலும் பறிமுதல். பவளம் என்றால் சாதாரண விஷயம் இல்லை. சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. எடுத்தவர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். உயிருள்ள பவளத்தை எடுத்தால் இரண்டு நாளில் நாறும், அதனால் மோந்தும் பார்க்க வேண்டும் என்று கார்த்திகாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. நான் ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். ரேஞ்சர் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகும். அவரோ ஒவ்வொரு முறையும், "இன்னும் நீச்சல் கத்துக்கலியே" என்று தள்ளிப் போட்டார். எனக்கு ஊர் ஏக்கம் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. பகலில் கடலைப் பார்ப்பேன், மல்லிகாவை நினைப்பேன், குமட்டும். இரண்டில் எதனால் குமட்டுகிறது என்று அவளிடம் நான் விளக்கிச் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில் அவரே சிரித்த முகமாக, "வாப்பா கலியபெருமாள். உன் பேப்பரப் பாத்துட்டேன். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன். ஊருக்குப் போயி மானத் தூக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லைஃப் ஜாக்கெட்டோடு கும்பிட்டேன்.

அன்று பார்த்துத்தான் அந்த பஸ் வந்தது.

மகளிர் குழுச் சுற்றுலா பஸ். அரியலூர் பக்கத்து நாலைந்து ஊர்ப் பெண்கள். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு, ராமேஸ்வரத்தையும் பார்த்துவிட்டு, மீன் பார்க்க இங்கே வந்திருக்கிறார்கள். தலைவி ஆரோக்கியமேரி. ஏலாக்குறிச்சியில் பிறந்து அரியலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திப் பழகிய குரல். படகில் போனார்கள், பார்த்தார்கள், கும்பிட்டார்கள். திரும்பி வந்ததும் படகுத்துறைக்குப் பக்கத்து மணலில் இறங்கி எல்லோரும் குளித்தார்கள். மஞ்சள் பூசி, சேலை மாற்றி, தலை துவட்டி, ஈரப் பையோடு வாசலுக்கு வந்தார்கள்.

முதல் பையிலேயே கார்த்திகாவின் குரல் உயர்ந்தது. "சார், இங்க வாங்க! பெரிய கேசு!"

நான் போனேன். நீலத் தார்ப்பாயின் நடுவில், தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு பாசித் துணுக்கும் ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவில் ஒரு பவளத் துண்டு. மேலே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக.

"பவளப்பாறைய ஒடச்சு எடுத்திருக்காங்க சார்" என்றாள் கார்த்திகா.

ஆரோக்கியமேரி இடுப்பில் கை வைத்தார். "என்னாது, பவளமா? ஏம்மா, அது குதிகால் தேய்க்கிற கல்லும்மா!"

"கடல்லேருந்துதானே எடுத்தீங்க?"

"கடலுக்கு எடுத்தாந்தோம்! ஊருக்குப் போறப்ப குளிக்கக் கல்லு எடுத்துட்டு வரமாட்டாங்களா? இது என்னா கேள்வி?"

அடுத்த பை. துண்டைப் பிரித்தால் ஒரு கல். அதற்கடுத்த பை. ஒரு கல். பூங்கோதை என்று ஒரு அம்மா, சின்னக் குரலில், "எங்கிட்ட ரெண்டு இருக்குங்க, ஒண்ணு மருமவளோடது" என்று தானே எடுத்து வைத்தார். தார்ப்பாய் நிறைந்துவிட்டது. கார்த்திகாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சர்வதேசக் கடத்தல் கும்பலையே பிடித்துவிட்ட வெளிச்சம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். எங்கள் அரியலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல். மனுஷன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னால். கடல் போய்விட்டது, அதன் சாமான்களை எடுத்துப்போகவில்லை. ஏர் ஓட்டினால் சங்கு வரும், சுண்ணாம்புக்கல் வெட்டினால் சிப்பி வரும். பவளமும் கல்லாகிக் கிடக்கும். வெளிநாட்டிலிருந்தெல்லாம் படித்தவர்கள் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் போவார்கள். எங்கள் பெண்களும் பார்த்தார்கள். சொரசொரப்பாக இருக்கிறது, கைக்கு அடக்கமாக இருக்கிறது, குதிகால் தேய்க்க இதைவிட நல்ல கல் உண்டா? எங்கள் வீட்டில் ஒன்று, மாமியார் வீட்டில் ஒன்று. சுற்றுலா என்றால் சீப்பு, சோப்பு, கல். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி, பவளக் கடலுக்கே பவளத்தை எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கடலிலேயே நனைத்து, அந்தக் கடல் காவலர்களிடமே மாட்டிக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

எனக்கு எல்லாம் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அதற்குள் நாகலிங்கம் சார் வந்துகொண்டிருந்தார். கையில் பேனா. என் பேப்பரில் கையெழுத்துப் போட எடுத்த பேனா.

தார்ப்பாயைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எந்த ஊர்ங்கம்மா?"

"அரியலூர் பக்கம் சார்."

மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அந்தப் பக்கம்தானே, கலியபெருமாள் சார்?"

காலையில் 'வாப்பா.' இப்போது 'சார்.' என் மாற்றல் கண்ணெதிரே கரையை விட்டுக் கிளம்புவது தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்றுதான் தோன்றியது. ஊர்க்காரர்களுக்குப் பரிந்து பேசினால் நானும் கூட்டு என்று நினைப்பார். பேசாமல் இருந்தால் கையெழுத்து. பஸ் டிரைவர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"சார், எங்கள வுட்டுடுங்க" என்றார் ஆரோக்கியமேரி. குரல் முதல் முறையாக இறங்கியிருந்தது. "நாளைக்குக் காலையில நான் போயி அரிசி அளந்து போட்டாத்தான் புள்ளைங்களுக்குச் சோறு. சாவி எங்கிட்ட இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க நம்ம பக்கத்து ஆளா? நீங்க சொல்லுங்கண்ணே. ஒங்க வூட்டுல இந்தக் கல்லு இல்லியா?"

அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்ய? வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சார், அவங்க சொல்றது நெசம். எங்க ஊர்ல கடல் இருந்துச்சு சார்."

"அப்படிங்களா. எப்ப?"

"ரொம்ப நாளைக்கு முன்னாடி சார்."

"இப்ப எங்க?"

"போயிடுச்சு சார்."

"அப்படிங்களா."

எங்கள் பக்கம் கடல் இருந்தது என்று அவரும் எங்கோ படித்திருக்கிறாராம். ஆனால் ஈரம் சொட்டும் பவளத்தை மேசையில் வைத்துக்கொண்டு, கேள்விப்பட்டதை நம்பி எப்படி விடுவது என்றார். நியாயம்தான். மோந்து பார்த்தார். மஞ்சள், சீயக்காய், வாசனை சோப்பு. நாற்றமே இல்லை. என் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. உடனே கார்த்திகா, "வாசனைய மறைக்கத்தான் சார் மஞ்சள் பூசியிருக்காங்க" என்றாள். நெஞ்சில் வார்த்த பால் திரிந்துவிட்டது.

"ஆதாரம் ஏதாவது உண்டா, கலியபெருமாள் சார்?"

"இருக்கு சார்! இதோ வரேன் சார்!"

குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். குளியலறையிலிருந்து மல்லிகா கொடுத்த கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, மூச்சு வாங்க, தார்ப்பாயில் மற்ற கற்களோடு வைத்தேன். "பாருங்க சார்! இதேதான்! நான் ஊர்லேருந்து கொண்டாந்தது. வந்த நாள்லேருந்து எங்கிட்ட இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

கார்த்திகா மிகவும் வருத்தத்தோடு, "இதையும் சேத்து எழுதிடவா சார்?" என்றாள்.

நாகலிங்கம் சார் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டார். "இத்தனை வருஷமா, பூங்கா குவார்ட்டர்ஸ்ல, பவளம் வச்சிருந்திருக்கீங்க. அப்படித்தானே, கலியபெருமாள் அவர்களே?"

வந்துவிட்டது அவர்களே. நான் மல்லிகாவை நினைத்துக்கொண்டேன். அடுத்து அவள் என்னைப் பார்க்க ஜெயிலுக்குத்தான் வர வேண்டும். அங்கே லைஃப் ஜாக்கெட் இருக்காது, அது ஒன்றுதான் ஆறுதல்.

நாகலிங்கம் சார் ஆபீஸுக்குள் போய் ஒரு பவளத் துண்டோடு வந்தார். பயணிகளுக்குக் காட்ட வைத்திருக்கும், கரையில் ஒதுங்கிய செத்த பவளம். இந்தக் கடலின் பவளம். ஒரு கையில் அது, இன்னொரு கையில் என் கல். தூக்கிப் பார்த்தார். மாற்றிப் பார்த்தார். என் கல் கனமாக இருப்பது அவர் தோளிலேயே தெரிந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

ஆரோக்கியமேரிக்குப் பொறுக்கவில்லை. "கையில வச்சுப் பாத்தா என்னா சார் தெரியும்? அது காலுக்கு உள்ள கல்லு. கால்ல போட்டுப் பாருங்க."

ஒரு ரேஞ்சரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அவர் தலையைச் சாய்த்தார். அப்படிங்களா வரப்போகிறது என்று நினைத்தேன்.

"கலியபெருமாள் அவர்களே, ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க. பின்னாடி."

ஆபீஸுக்குப் பின்புறம், வேப்ப மர நிழலில், அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். பாவம் மனுஷன். எங்கள் ஊர் ஏரி சித்திரையில் எப்படி வெடித்துக் கிடக்குமோ அப்படி இருந்தது குதிகால். உப்புக் காற்றும் பூட்ஸும் சேர்ந்து செய்த வேலை. அவர் ஏன் எப்போதும் பூட்ஸோடு இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் கடல் பவளத்தை வைத்துத் தேய்த்தார். நறுக்கென்று ஓர் ஓரம் ஒடிந்து கீழே விழுந்தது. "ஸ்ஸ்" என்றார். குதிகாலில் ரத்தம் லேசாகத் துளிர்த்தது. ஒடிந்த துண்டைப் பொறுக்கிப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு என் கல்லை எடுத்து நனைத்தார். கொர கொர கொர. ஒடியவில்லை, உதிரவில்லை, கீறவில்லை. கொர கொர கொர. அவர் கண்கள் மெல்ல மூடின. மீசை தளர்ந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர் முகம்.

"அப்படிங்களா" என்றார். இந்த முறை அது கல்லிடம் சொன்னது.

சோதனை அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் அடுத்த காலையும் நனைத்தார்.

"ரெண்டு தடவ பாத்தாத்தான் உறுதி" என்றார் கண்ணைத் திறக்காமலே.

பஸ் ஹாரன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. நான் வாளித் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்தேன். ஒருவழியாக உறை மாட்டி, பூட்ஸ் கட்டி, எழுந்து, முன்பக்கம் நடந்தார். நடையே வேறாக இருந்தது. ஏதோ புதுக் காலில் நடக்கிற மாதிரி அடி எடுத்து வைத்தார்.

"கார்த்திகா, கல்லையெல்லாம் குடுத்துடும்மா."

"சார்! எப்படி சார்?"

"சோதிச்சாச்சு."

கார்த்திகா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் பெண்களிடம் திரும்பி, அவரவர் கல்லை அவரவர் எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, சொன்னார்: "நீங்க வச்சிருக்கறதும் பவளம்தாம்மா. எப்பவோ செத்துக் கல்லாப் போனது. இங்க கண்ணாடிக்குக் கீழ பாத்தீங்களே, அது இன்னும் உசிரோட இருக்கு. கைபட்டா ஒடியும். ஒடிஞ்சா உசுரு போயிடும்."

ஆரோக்கியமேரி கையிலிருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தேய்த்த கல்லை அன்றுதான் புதிதாகப் பார்க்கிற மாதிரி. "அப்ப எங்கூருக் கடலு போன மாதிரி இதுவும் போயிடுமா சார்?"

"போயிடக் கூடாதுன்னுதாம்மா பையத் திறக்கச் சொல்றோம்."

"தாராளமாத் திறங்க சார். அதுக்குத்தானே ஒங்களுக்குச் சம்பளம்" என்றார் அந்தம்மா. பஸ் ஏறும்போது, "அண்ணே, ஊருக்கு வந்தா வூட்டுக்கு வாங்க" என்று எனக்கும் ஒரு குரல் கொடுத்தார்.

பஸ் போனபின் ஆபீஸில் போய் நின்றேன். நாகலிங்கம் சார் என் பேப்பரை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

"ஏம்ப்பா, இத்தன வருஷமா இந்தக் கல்லப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

"சரி, போயிட்டு வா."

"சார்... என் கல்லு?"

மேசை டிராயரை மெதுவாகச் சாத்தினார். "அது ஆய்வுக்காக இங்கேயே இருக்கட்டும்."

நான் ஊருக்கு வந்தேன். மல்லிகா என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பெட்டியைக் குடைந்த பின் கேட்டாள், "கல்லு எங்க?" கவர்மெண்ட் எடுத்துக்கொண்டது என்றேன். "கல்லக் கூடவா?" என்றாள். கடல் பூங்காவில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. உள்ளே நுழையும்போதே, அரியலூர் பக்கத்து ஆட்களா, குதிகால் கல் இருக்கிறதா என்று கேட்டு, செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற மாதிரி கல்லுக்கும் டோக்கன் கொடுத்து ஒரு கூடையில் வாங்கி வைப்பார்கள். புது மெஷின் வந்ததும் அதை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தம்பி, அந்தக் கூடையைத் திரும்ப எடுத்து வையுங்கள். மெஷினுக்குக் கல் தெரியும், கால் தெரியாது.

ஓய்வு பெற்றதும் அரியலூரை ஒட்டி ஒரு மனை வாங்கினேன். கடலிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. அஸ்திவாரம் தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் மேஸ்திரி கூப்பிட்டார். "ஐயா, கீழ பூரா சிப்பியா இருக்குங்க." எட்டிப் பார்த்தேன். சங்கு, சிப்பி, அடுக்கடுக்காக. நடுவே தேன்கூடு போல ஒரு பவளக் கல். மல்லிகா குழிக்குள் இறங்கி அதை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, "போன கல்லு திரும்பி வந்துடுச்சு" என்றாள்.

புதுமனை புகுவிழாவுக்கு நாகலிங்கம் சாரையும் அழைத்திருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மீசை வெளுத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார். பூட்ஸ் இல்லை, செருப்பு. நான் முகத்தைப் பார்க்குமுன் குதிகாலைத்தான் பார்த்தேன். பச்சைக் குழந்தையின் காலைப் போல இருந்தது.

"வாங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொல்லையில் குவித்திருந்த அஸ்திவார மண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குனிந்து ஒரு சிப்பியைத் தொடப் போனவர், பழக்க தோஷம், கையை இழுத்துக்கொண்டார். அப்படியே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கொண்டுவந்திருந்த பெரிய பொட்டலத்தை எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுத்தார்.

"நீ அன்னைக்குச் சொன்னத வச்சு, ஒரு யோசனையில வாங்கிட்டு வந்தேன். சரியாத்தான் போச்சு. கடலுக்குள்ளயே வீடு கட்டியிருக்கியேப்பா கலியபெருமாள். இது இல்லாம எப்படி?"

பிரித்தேன். ஆரஞ்சுக் கலர். புத்தம் புதுசு.

சொந்தக்காரர்கள் எல்லாம் சிரிக்க, அவர் சிரிக்காமல் நின்று, நான் அதை மாட்டி வார் பூட்டும்வரை பார்த்தார். பூட்டிய பிறகுதான் இலையில் உட்கார்ந்தார். வேட்டி கட்டி, விபூதி பூசி, லைஃப் ஜாக்கெட்டோடு அவருக்குப் பாயசம் பரிமாறினேன்.

அது இப்போது கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மல்லிகா கழற்றி வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டாள். எனக்கு மனசு வரவில்லை. ஆடி மாதத்துக் காற்றில் அது இப்படியும் அப்படியும் ஆடும்போது மட்டும், நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னமும் வாந்தி வருகிறது.